ஒட்டடை துடைத்த கிராணி

சதாசிவம் கிராணியை நான் ஒரு நாளும் மதித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் செத்துப் பதினாறாம் நாள், கோயில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். "ஆம்புரோஸ் அண்ணே, நீங்க அவரோட ஒண்ணா வேல செஞ்ச ஆளு. அவரப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்க லா, அச்சுப் போடணும்" என்று கேட்டார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். எனக்குத் தெரிந்தது நாலு வார்த்தையில் அடங்காது. நல்லதாகவும் இருக்காது. அவர்கள் அச்சடிக்க மாட்டார்கள் என்பதால் நானே எழுதி வைக்கிறேன்.

மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணி மகனாகப் பிறந்தவர் சதாசிவம். அப்பா உடையப்பன், விடியுமுன் லயத்துக் கதவுகளைப் பிரம்பால் தட்டிக் கூலிகளைக் கிளப்புகிறவர். கதவு திறக்கத் தாமதமானால் பிரம்பு கதவோடு நிற்காது. அப்படிச் சேர்ந்த காசில்தான் மகனை ஈப்போவில் இங்கிலீஷ் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். அந்த ஏழு வருடத்தில் மகன் உருப்படியாகக் கற்றது இரண்டே வாக்கியம். ஒன்று, "யெஸ் சார்". இன்னொன்று, "ஆல்ரெடி டன் சார்". இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே ஒரு மனிதன் பெரிய மனிதனாகிவிடலாம் என்பதற்கு அவரே அத்தாட்சி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றில் ஈப்போவில் ஒரு சர்வே துரையின் ஆபீசுக்கு ஸ்டோர் கிராணியாக, அதாவது சாமான் கணக்கு எழுதும் கிளார்க்காக, வந்து சேர்ந்தார். மூடிய கழுத்துக் கோட்டு, கஞ்சி போட்ட வேட்டி, கறுப்புத் தொப்பி, இடுப்பில் சாவிக் கொத்து. சாவிக் கொத்தில் ஒன்பது சாவிகள். ஸ்டோரில் இருந்த பூட்டுகள் நாலு. மற்ற ஐந்தும் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. நடக்கும்போது சத்தம் போதவேண்டாமா?

நான் அங்கே சங்கிலிக்காரன். நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடி அட்டைக்கு ரத்தம் கொடுப்பது என் வேலை. மிஷன் பள்ளியில் ஐந்தாவது படித்திருந்ததால் துரை பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் புரியும். புரிகிறது என்று காட்டிக்கொண்டால் சங்கடம் என்பதும் புரியும். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆபீசின் உயிர் தியோடலைட் என்கிற கருவி. மூன்று கால் மேல் நிற்கும் தூரக்கண்ணாடிதான் அது. அதன் வழியாகப் பார்த்துத்தான் எது தோட்டம், எது ஈயச் சுரங்கம் என்று துரை கோடு கிழிப்பார். ஈப்போவின் புழுக்கத்தில் இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் போதும், கண்ணாடி வில்லையில் பூஞ்சணம் படர்ந்துவிடும். ஆகவே சதாசிவம் சேர்ந்த அன்றே துரை அவரை வராந்தாவில் நிற்க வைத்து, கண் வைக்கிற பக்கத்து வில்லையை எப்படித் துடைக்க வேண்டும் என்று செய்து காட்டினார்.

முதலில் துணியே கூடாது. ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றால் தூசியை ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஊதியும் போகாத தூசியை, படம் வரைகிறவர்களின் மெல்லிய தூரிகையால் தட்டிவிட வேண்டும். மணல் பொடி ஒன்று மிச்சம் இருந்தாலும் துணியோடு சேர்ந்து கண்ணாடியைக் கீறிவிடும். அதற்குப் பிறகுதான், பலமுறை துவைத்துக் கஞ்சி போன மல் துணியின் நுனியில் ஒரு சொட்டு ஸ்பிரிட். சொட்டு துணியில்தான் விழ வேண்டும், கண்ணாடியில் விழுந்தால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். நடுவிலிருந்து வெளியே, அழுத்தாமல், வட்டமாக. ஒருமுறை தொட்ட இடத்தை அழுக்குத் துணியால் மறுபடி தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் திருகித் திறக்கக்கூடாது.

சதாசிவம் பதினைந்து தடவை "யெஸ் சார்" சொன்னார். நான் எண்ணினேன். தலைக்குள் ஒன்றும் போகவில்லை. வராந்தாவின் மறுகோடியில் கூட்டிக்கொண்டிருந்த செல்லாயிக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் துரையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குள் எல்லாம் போய்விட்டது.

செல்லாயி ஆபீஸ் கூட்டுகிறவள். புருஷன் இல்லை, ஒரு பெண் குழந்தை. உடையப்பக் கங்காணியின் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவள், அவருடைய பிரம்பு ஒருநாள் குழந்தை மேல் விழுந்ததும் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு நடந்தே வந்துவிட்டாள். சிலிபினில் ஒரு குடிசை, இந்த வேலை, அவ்வளவுதான் அவளுக்கு. இந்த வேலை போனால் மறுபடி அந்தத் தோட்டம், அந்த லயம், அந்தப் பிரம்பு. இது அவளுக்கும் தெரியும், சதாசிவத்துக்கும் தெரியும்.

மறுவாரமே கிராணி அவளைக் கூப்பிட்டார். "ஏய் செல்லாயி, தொடைக்கிறது கிளார்க்கு வேலையா? கூட்டுறவ வேல. நீயே தொடைச்சு வை. துரை கண்ணுல படாமச் செய்யி" என்றார். அவளும் செய்தாள். மூன்று வருடம், தினமும் காலையில், துரை வருமுன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. துரை பாராட்டும்போதெல்லாம் கிராணி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஐ டூ இட் மைசெல்ஃப் சார், நோபடி டச்சஸ்" என்பார். நான் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

கண்ணாடியோடு நிற்கவில்லை. அந்தத் தூரக்கண்ணாடிக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூல் உண்டு. அந்த இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தில் தூரத்துக் கம்பை நிறுத்தித்தான் அளவே எடுக்க முடியும். பட்டும் பருத்தியும் தடிமன் என்று அதற்குச் சிலந்தி நூலைத்தான் கட்டுவார்கள். ஒரு தடவை காட்டு மழையில் நூல் அறுந்துபோக, நல்ல சிலந்தி ஒன்று வேண்டும் என்று துரை கிராணியிடம் கேட்டார். கிராணி செல்லாயியிடம் கேட்டார். விடியற்காலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து முகமெல்லாம் வலை வாங்கினவளுக்கு எந்தச் சிலந்தியின் நூல் மெல்லியது என்று தெரியாதா? தீப்பெட்டிக்குள் ஒன்றைப் பிடித்து வந்தாள். கிராணி அதைத் தன் கையால் துரையிடம் கொடுத்தார். துரை நூல் கட்டும்போது விளக்குப் பிடித்தவன் நான். எதற்கு இதெல்லாம் என்று என்னிடம் வந்து கேட்டுத் தெரிந்துகொண்டவள் செல்லாயி. கிராணி கேட்கவேயில்லை. வெள்ளைக்காரர்கள் வண்ணத்துப்பூச்சியை ஊசி குத்தி வைக்கிற மாதிரி இதுவும் ஏதோ பைத்தியம் என்று நினைத்துக்கொண்டார். மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது அந்தக் கருவிக்குள் எட்டிப் பார்த்திருந்தால் நூல் கண்ணில் பட்டிருக்கும். ஒரு கண்ணை மூடினால் முகம் கோணலாகிவிடும் என்று பயமோ என்னவோ.

இருபத்தாறாம் வருடம் ஆயுத பூஜை வந்தது. ஸ்டோரில் பூஜை போடத் துரை அனுமதி கொடுத்துவிட்டுத் தைப்பிங் போயிருந்தார். நான் வேதக்காரன், வாசலில் நின்று பொரிகடலைக்குக் காத்திருந்தேன். சங்கிலி, கம்பு, டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்த கிராணி, தியோடலைட்டுக்கு மட்டும் தனி மரியாதை செய்யத் தீர்மானித்தார்.

செல்லாயி பதறிப்போனாள். "கிராணியய்யா, குழாய் மேல வைங்க. கண்ணாடியில வேணாம்."

"கண்ணுலதான்டி வைக்கணும். சாமிக்குக் கண்ணு தெறக்குற மாதிரி. ஒனக்கு என்னா தெரியும்?"

சொல்லிவிட்டு, குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் அப்பி, மேலே குங்குமத்தையும் அழுத்தினார். முன்கண்ணாடியில் ஒன்று, கண் வைக்கிற வில்லையில் ஒன்று. அதோடு ஓர் உத்தரவும் போட்டார். பூஜை போட்ட கருவியைக் கூட்டுகிறவள் தொடக்கூடாதாம். மறுநாள் அவள் ஆபீசுக்கே வரவேண்டாமாம். மூன்று வருடம் தொட்டபோது ஒட்டாத தீட்டு ஒரே ராத்திரியில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் சனிக்கிழமை, மத்தியானம் துரை வருகிறார் என்று தந்தி வந்தது. செல்லாயி இல்லை. வேறு வழியில்லாமல், சேர்ந்த நாளிலிருந்து முதல்தடவையாக, அவரே துடைக்க உட்கார்ந்தார். நான் வாசலில் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். குங்குமத்தின் மேல் வாயால் ஊதினார், எச்சிலும் சேர்ந்து போனது. வேட்டி முனையை எடுத்து, பாத்திரத்தின் அடிப்பிடிப்பைத் தேய்ப்பது போல அழுத்தித் தேய்த்தார். கஞ்சி போட்ட வேட்டி, பொடி போகாத குங்குமம். கண்ணாடி கீறும் சத்தம் வாசல் வரை கேட்டது என்று சொன்னால் மிகை, ஆனால் எனக்குக் கேட்டது. அப்புறம் செம்பிலிருந்து தண்ணீரை நேராக வில்லை மேலேயே ஊற்றினார். விளிம்பு வழியாகச் சிவப்புத் தண்ணீர் உள்ளே இறங்கியது. அதை எடுக்க, கண் வைக்கிற குழலை முழுதாகத் திருகிக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆம்புரோசு, இங்க வந்து பாருடா! மூணு வருசமா அந்தப் பொம்பள என்னாத்தத் தொடைச்சா? உள்ள ஒட்டடை கெடக்கு!"

நான் வாயைத் திறப்பதற்குள் விரலில் சுற்றிய வேட்டி உள்ளே போய் வெளியே வந்துவிட்டது.

மத்தியானம் துரை வந்து கருவிக்குள் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்கவில்லை, வெகு நேரம். திங்கட்கிழமை காம்பாரில் ஒரு தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் நடுவே எல்லைத் தகராறு அளவு இருந்தது. நிமிர்ந்தபோது முகம் கறுத்திருந்தது. "யார் தொட்டது? நீயா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

கிராணி மாட்டிக்கொண்டார். மூன்று வருடமாக, நான்தான் தொடுவேன், வேறு யாரும் தொடுவதில்லை என்று மார்தட்டின மனிதர். இப்போது அதையே சொன்னால் வேலை போகும். வேலையா, பெயரா என்று அவர் கணக்குப் போட்டது எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது.

"துடைப்பது நான் இல்லை சார். சேர்ந்த நாள் முதல் கூட்டுகிற பெண்தான் துடைக்கிறாள்" என்றார்.

எனக்குத் தெரிந்து அந்த மனிதர் சொன்ன ஒரே உண்மை அது. அதையும் ஒருத்தியின் சோற்றில் மண் போடுவதற்காகச் சொன்னார்.

துரைக்கு அது போதுமாயிருந்தது. கூட்டுகிறவள் மூன்று வருடமாகத் தன் கருவியைத் தொட்டாள் என்பதே அவருக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. எப்படித் துடைத்தாள் என்று அவர் கேட்கவில்லை. ஆள் அனுப்பி அவளை வரவழைத்தார். துரைக்குத் தமிழ் தெரியாது. கிராணிதான் நடுவில் நின்று பேசினார்.

"துரை ஒன்ன நிறுத்திட்டாரு. நாளையிலேருந்து வராத."

"நான் இன்னைக்கி வரவே இல்லையே கிராணியய்யா. நீங்கதானே வரவேணாம்னீங்க?"

என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். "மன்னிப்புக் கேட்கிறாள் சார்" என்றார் கிராணி.

செல்லாயி என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க இங்கதானே இருந்தீங்க?"

நான் என் பூட்சைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போனதும் துரை கிராணியிடம் சாதாரணமாகச் சொன்னார். கையிருப்பு நூல் பூஞ்சணம் பிடித்துவிட்டது. போன வருடம் நீ கொண்டுவந்தாயே, அதே சிலந்தி நாளை மத்தியானத்துக்குள் வேண்டும். நீ பிடித்ததைப் போல் நல்ல நூல் நான் பார்த்ததில்லை.

"யெஸ் சார்" என்றார் கிராணி. பழக்க தோஷம்.

வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "டேய், சிலந்தி எதுக்குடா துரைக்கு?" நான் சொன்னேன். தான் துடைத்தது ஒட்டடை இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததற்காகவே அத்தனை வருடம் அட்டைக்கடி பட்டது வீண்போகவில்லை என்று தோன்றியது. அன்று சாயங்காலம் ஆபீஸ் கூரையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தியைப் பிடித்துக் கொடுத்தார். துரை அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக வீசினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிராணி ரிக்ஷா பிடித்து என்னையும் ஏற்றிக்கொண்டு சிலிபினுக்குப் போனார். செல்லாயி குடிசை வாசலில் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சுங்கை சிப்புட்டுக்குப் போக மத்தியான வண்டி.

"செல்லாயி, ஒரு சின்ன ஒத்தாச. அன்னைக்கிப் புடிச்சியே, அது எந்தப் பூச்சி? ரொம்ப சுசாவாப் போச்சு லா" என்று குழைந்தார் கிராணி. சுசா என்றால் மலாயில் கஷ்டம். அவருடைய கஷ்டம்.

"யாருக்கு வேணும்?"

"துரைக்கு."

"துரைக்கு வேணும்னா துரைகிட்டயே குடுக்குறேன். வாரேன், போலாம்."

எழுந்து பின்பக்கம் போய், செம்பருத்திச் செடியிலிருந்து மிளகு அளவில் ஒரு பச்சைச் சிலந்தியைத் தீப்பெட்டிக்குள் தள்ளினாள். கிராணி கையை நீட்டினார். அவள் தீப்பெட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

வராந்தாவில் துரை பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கவைக் குச்சியைச் செதுக்கினாள். சிலந்தியைக் குச்சி நுனியில் விட்டு லேசாக உதறினாள். அது நூல் விட்டுக்கொண்டே கீழே தொங்கி இறங்கியது. அந்த நூலை, கை படாமல், கவையில் சுற்றுச் சுற்றாக எடுத்தாள். சுற்றுக்குச் சுற்று இடைவெளி பிசகவில்லை. துரை வாயிலிருந்த சுருட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "போன வருடமும் இவள்தான் பிடித்தாளா? இவளுக்கு என்ன வேண்டும் என்று கேள்."

கிராணி கேட்டார். செல்லாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். நூலக் கெடுத்தது தாந்தான்னு இந்த ஆளு தன் வாயால தொரைகிட்டச் சொல்லட்டும். அப்புறம் நான் தோட்டத்துக்கே போயிக்கிறேன்."

கிராணி தொண்டையைக் கனைத்தார். துரையிடம் திரும்பினார். "பழையபடி வேலை வேண்டும் என்று கெஞ்சுகிறாள் சார்."

கெஞ்சுகிற முகமா அது? துரைக்குக் கண் இருந்தது, ஆனால் பாஷை இல்லை. அத்தனை நாள் மூடியிருந்த வாயை அன்று திறந்தேன். "அவள் அப்படிச் சொல்லவில்லை சார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். பிறகு சனிக்கிழமை நான் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், குங்குமம், வேட்டி, செம்புத் தண்ணீர், ஒட்டடை. ஒட்டடை என்ற இடத்தில் துரை கண்ணை மூடிக்கொண்டார்.

அதோடு அவரை விரட்டியிருப்பார் என்று நினைப்பீர்கள். துரைமார்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். சாவிக் கொத்தை வாங்கிக்கொண்டு, நன்னடத்தைக் கடிதம் ஒன்றைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பினார். அந்தக் கடிதத்தோடு சதாசிவம் காம்பாரில் ஒரு ஈயச் சுரங்கத்தில் ஹெட் கிளார்க் ஆனார், கோயில் கமிட்டித் தலைவர் ஆனார், மாலையோடு போட்டோ எடுத்துக்கொண்டார். கடைசி வரை தன் மூக்குக் கண்ணாடியை வேட்டியால்தான் துடைத்தார் என்று கேள்வி. அதில் பார்த்து அவருக்கு என்ன தெரிந்ததோ.

கிராணி வேலையும் சாவிக் கொத்தும் எனக்கு வந்தன. செல்லாயிக்கு வேலை திரும்பக் கிடைத்தது, கூட்டுகிற வேலை. கீறல் விழுந்த வில்லைக்குப் பதிலாகச் சிங்கப்பூரிலிருந்து புதுசு வந்தது. இனி ஸ்டோர் கிராணி மட்டுமே கண்ணாடியைத் தொட வேண்டும் என்று துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் கை சங்கிலி பிடித்துக் காய்த்துப்போன கை. ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு, துணியையும் தூரிகையையும் ரப்பர் பந்தையும் செல்லாயியிடமே கொடுத்தேன். துரை வருமுன் முடித்துவிடு என்று சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலை துரை சீக்கிரமே வந்துவிட்டார். செல்லாயி அப்போதுதான் துணியை மடித்து வைத்துவிட்டுத் துடைப்பத்தைக் கையில் எடுத்திருந்தாள். துரை கருவிக்குள் பார்த்தார். நிமிர்ந்து என் தோளைத் தட்டினார். "ஆம்புரோஸ், இத்தனை தெளிவான கண்ணாடியை நான் லண்டனில்கூடப் பார்த்ததில்லை. நீயேதான் துடைக்கிறாயா?"

"யெஸ் சார்" என்றேன்.

அவர் உள்ளே போனதும் செல்லாயி சிரித்த முகமாகப் பக்கத்தில் வந்தாள். "கண்ணாடியப் பாத்துட்டுத் தொரை என்னமோ நல்லதாத்தானே சொன்னாரு? என்னண்ணே சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல, மழ வரும்போல இருக்காம்" என்றேன்.